முத்திரை உங்கள் மேசை டிராயரில்தானே இருக்கிறது?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கிழக்குக் கடற்கரையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. எனக்கு 43 வயது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். போன வருடத்திலிருந்து எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தில் செயலாளராக இருக்கிறேன். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் தம்பி, மூன்று வாரத்துக்கு முன்பு அவன் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டான். 19 விநாடி. அதிலேயே மூன்று தலாக்கையும் சொல்லிவிட்டான். அவள் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். தலாக் ஆகிவிட்டது என்று ஜமாஅத் லெட்டர்பேடில் எழுதி அனுப்பச் சொல்கிறான் தம்பி. 'உன் வீட்டு விஷயம்தானே, நீயே எழுதி முத்திரை வைத்துக் கொடுத்துவிடு' என்கிறார் எங்கள் தலைவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. உம்மாவோ பெண்ணுக்கு வாய் அதிகம் என்கிறார். நான் ஏதாவது பேசினால், 'நீயும் அவங்க ஆளாயிட்டியா? நம்ம ஷரீஅத்த கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்தப் போறியா?' என்று கேட்கிறார்கள். தலாக் ஆகிவிட்டதா? நான் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்? ஓர் ஆம்பிளை இதில் என்னதான் செய்ய முடியும்? அடுத்த வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். (அவளுக்குப் போட்ட 32 சவரனில் தம்பி விசாவுக்காக 10, என் கடைக்காக 6 அடகில் இருக்கிறது.)

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தலாக் ஆகவில்லை. அந்தப் பெண் இன்றைக்கும் உங்கள் தம்பியின் மனைவிதான்.

2017 ஆகஸ்ட் 22 அன்று, சாயிரா பானு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று சொல்லிவிட்டது. 2019இல் வந்த முஸ்லிம் பெண்கள் திருமண உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதை எழுத்தில் போட்டது. வாயால் சொன்னாலும், தாளில் எழுதினாலும், மின்னணு வழியில் அனுப்பினாலும் செல்லாது. உங்கள் தம்பியின் 19 விநாடி அந்த மூன்றாவதில் வருகிறது. செல்லாததோடு முடியவில்லை, அது குற்றமும்கூட. மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. போலீஸில் யார் தகவல் கொடுக்கலாம்? அந்தப் பெண் கொடுக்கலாம். அவளுக்கு ரத்த உறவோ திருமண உறவோ உள்ளவர்களும் கொடுக்கலாம். கணவனின் கூடப்பிறந்த அண்ணன் திருமண உறவுதானே? அதாவது, சட்டப்படி பார்த்தால் உங்கள் தம்பி மேல் நீங்களே புகார் கொடுக்க முடியும். இதைப் படித்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கும். கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். புகார் கொடுப்பதும், கொடுத்த பிறகு மாஜிஸ்திரேட் அனுமதியோடு சமாதானமாகப் போவதும் அவள் முடிவு. உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான். உம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: இந்தச் சட்டத்தில் குற்றவாளியாக வரக்கூடியவர் கணவர் மட்டும்தான், மாமியார் வர மாட்டார் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயம் கொஞ்சம் குறைந்தால் பேச்சிலும் காரம் குறையும்.

இனி இரண்டாவது கேள்வி. கையெழுத்துப் போடாவிட்டால் உங்களுக்குச் சட்டப்படி ஒன்றும் ஆகாது. போட்டால் என்ன ஆகும் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

காஜிகள், அதாவது நிக்காஹ் நடத்திப் பதிவு செய்பவர்கள், கொடுக்கும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயம்தான், நீதிமன்றத்துக்கோ அரசு அலுவலகத்துக்கோ அது செல்லுபடியாகும் ஆவணம் இல்லை என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத். 1880ஆம் வருடத்துக் காஜிகள் சட்டத்திலேயே, காஜிக்கு நீதிபதி அதிகாரம் எதுவும் கிடையாது என்றுதான் இருக்கிறது. காஜிக்கே இல்லாதது ஜமாஅத் செயலாளருக்கு எங்கிருந்து வரும்? 2024 அக்டோபரில் மதுரைக் கிளையில் இன்னொரு தீர்ப்பு வந்தது. கணவர் ஒரு ஷரீஅத் கவுன்சிலில் தலாக் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். மனைவி தலாக்கை மறுத்தார். மனைவி மறுக்கும்போது நீதிமன்றத்துக்குப் போய்த் தலாக்கை நிரூபிக்க வேண்டியவர் கணவர்தான், அங்கே தீர்ப்பு வாங்கும் வரைக்கும் திருமணம் நீடிக்கிறது, தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் செல்லாத காகிதம்தானே, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று உங்கள் தலைவர் கேட்கலாம். இங்கேதான் விஷயமே இருக்கிறது. கோர்ட்டில் செல்லாத அந்தக் காகிதம் ஊரில் நன்றாகவே செல்லும். உங்கள் தம்பி லீவில் வந்து பக்கத்து ஊரில் இன்னொரு நிக்காஹ் பேசும்போது, அந்த ஊர் ஜமாஅத் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான். பெண்ணின் வாப்பாவிடம், 'ஜமாஅத்தே எழுதிக் கொடுத்தாச்சு, இனி என்ன பேச்சு' என்று காட்டப்போவதும் இதைத்தான். வக்கீலைப் பார்க்கக் கையில் காசில்லாத ஒரு பெண்ணுக்கு ஊர் முத்திரைதான் உச்ச நீதிமன்றம். ஓர் ஆம்பிளை என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். அந்த முத்திரை உங்கள் மேசை டிராயரில்தானே இருக்கிறது?

இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது, ஆனால் பெருமைப்படும்படியான தகுதி இல்லை. 1998இல் நான் ஜூனியர் வக்கீல். சீனியர் ஊரில் இல்லாத ஒரு நாள் ஒருவர் வந்தார். மனைவிக்குத் தலாக் அனுப்ப வேண்டும் என்றார். படிக்காதவ, சொன்னாப் புரியாது, எழுத்துல இருந்தாத்தான் சரி என்றார். அப்போது எங்கள் ஆபீஸில் அதற்கென்றே ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது. பேர், ஊர், தேதி மாற்றினால் போதும். டைப் அடித்து, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஃபீஸ் 750 ரூபாய். பத்து நாளில் அட்டை திரும்பி வந்தது. கைரேகை இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளை எழுதுவது மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, கோடு தாண்டாமல் பெயர் எழுதியிருந்தது. பக்கத்தில் பொடியாக, 'படித்துக்கொண்டேன்' என்று இருந்தது. தபால்காரர் வாசலில் நிற்கும்போதே பிரித்துப் படித்திருக்க வேண்டும். நான் அந்த அட்டையைக் கோப்பில் பின் குத்தினேன். சர்வ் ஆகிவிட்டது என்று எழுதி, கட்சிக்காரருக்குப் போன் போட்டேன். வேறெதுவும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நாலு வருடம் கழித்து, 2002இல், ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தலாக்குக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும், அதற்கு முன்பு இரண்டு தரப்பிலும் மத்தியஸ்தர் வைத்துச் சமாதான முயற்சி நடந்திருக்க வேண்டும், சொன்னதை நிரூபிக்கவும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. படித்ததும் அந்த அட்டைதான் ஞாபகம் வந்தது. மத்தியஸ்தரும் இல்லை, காரணமும் இல்லை. மாதிரிக் கடிதத்தில் காரணம் எழுத இடமே விட்டிருக்கவில்லை. கோப்பைத் தேடினேன். முடிந்த கட்டுகளோடு எப்போதோ எடைக்குப் போயிருந்தது.

சரி, உங்கள் கூட்டத்துக்கு வருவோம்.

கூட்டத்தில் மார்க்க விவாதத்தில் இறங்காதீர்கள். நீங்களும் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, நானும் இல்லை. ஷாஃபி மத்ஹபோ ஹனஃபி மத்ஹபோ (மத்ஹப் என்பது மார்க்கச் சட்ட மரபு), 'மூணு சொன்னா மூணுதான்' என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்த விஷயம். அதை ஒரு வெள்ளிக்கிழமையில் மாற்ற முடியாது. அதற்குப் பதில், கூட்டத்துக்கு முந்தின நாள் இஷாவுக்குப் பிறகு உங்கள் பள்ளி இமாமான ஹஜ்ரத்தைத் தனியாகப் பாருங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'ஹஜ்ரத், நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தில், அவன் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர் என்று இரண்டு மத்தியஸ்தர் சொல்லியிருக்கிறதே, இந்த விஷயத்தில் அந்த இரண்டு பேர் யார்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முத்தலாக் விழும் என்று சொல்கிற ஆலிமும்கூட அது பாவம் என்றுதான் சொல்வார். அதன் பேரே தலாக்குல் பித்ஆ, மார்க்கத்தில் புதிதாக நுழைத்த தலாக். ஒருவர் மூன்றையும் ஒன்றாகச் சொன்னார் என்று கேட்டதும் நபிகள் கோபத்தோடு எழுந்து, நான் உங்கள் நடுவில் இருக்கும்போதே அல்லாஹ்வின் வேதத்தோடு விளையாட்டா என்று கேட்டதாக நஸாயியில் வரும் ஹதீஸ் உங்கள் ஹஜ்ரத்துக்குத் தெரியாமல் இருக்காது. அவர் வாயாலேயே அது வரட்டும். நீங்கள் சொன்னால் அது விவாதமாகிவிடும். அவர் சொன்னால் பயான்.

இனி அந்தக் கேள்வி. 'நீயும் அவங்க ஆளா?'

இதைக் கேட்பவர்களை முட்டாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம்மைப் பிடிக்காதவர்களுக்கு நம் பெண்கள் மேல் திடீரென்று பாசம் பொங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2019 சட்டத்தின் மேல் எனக்கே ஒரு குறை உண்டு. முத்தலாக் செல்லாது என்றது சரி. செல்லாத ஒன்றைச் சொன்னதற்கு மூன்று வருடம் சிறை என்றதில் எனக்கு உடன்பாடு குறைவு. மனைவியைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு ஓடும் மற்ற மதத்துக் கணவனுக்கு இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஜெயிலுக்குப் போனவன் எதை வைத்துச் செலவுக்குக் கொடுப்பான் என்ற கேள்வியும் நியாயம்தான். இதையெல்லாம் கூட்டத்தில் தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்ட பிறகு, 'அதற்கும் இந்தப் பிள்ளையை ரோட்டில் நிறுத்துவதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேளுங்கள்.

நம் பெண்களுக்காகப் பேசிய நம் ஆட்கள் எப்போதுமே இருந்திருக்கிறார்கள். அதைத்தான் நாம் மறந்துவிட்டோம். 1930களில் பஞ்சாப் பக்கம் ஒரு நிலைமை இருந்தது. ஹனஃபி முறையில் மனைவி விவாகரத்து வாங்க வழியே அடைபட்டுக் கிடந்ததால், கொடுமை தாங்காத பெண்கள் மதம் மாறிவிட்டதாகக் கோர்ட்டில் சொல்லித் திருமணத்தை முறித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துப் பதறியவர் ஓர் ஆலிம். அஷ்ரஃப் அலி தானவி. தேவ்பந்த் மரபில் வந்த பெரிய மனிதர். தன் மத்ஹபைத் தாண்டி, மாலிகி மத்ஹபிலிருந்து பெண்களுக்கான வழியை எடுக்கலாம் என்று மற்ற ஆலிம்களோடு கலந்து 1931இல் எழுதினார். அதன் தொடர்ச்சியாகக் காஜி முஹம்மது அஹ்மது காஸ்மி மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1939இல் அது சட்டமாயிற்று. கணவன் இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்கவில்லை, நாலு வருடம் ஆளையே காணவில்லை, கொடுமைப்படுத்துகிறான் என்று இன்றைக்கு ஒரு முஸ்லிம் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறாளே, அந்த வழியைத் திறந்தது இவர்கள்தான். தாடியும் தொப்பியும் வைத்த ஆம்பிளைகள். 'தானவியும் அவங்க ஆளா?' என்று உங்கள் கூட்டத்தில் ஒருவரும் கேட்க மாட்டார்.

பிறகும் விடவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. காலித், முஸ்லிம் மனைவிகள் காலமெல்லாம் இந்தக் கொடுமையை அனுபவிக்க வேண்டுமா என்று 1972இலேயே தீர்ப்பில் எழுதினார். குவாஹாட்டியில் நீதிபதி பஹருல் இஸ்லாம், காரணமும் சமாதான முயற்சியும் இல்லாத தலாக் குர்ஆன் சொன்ன தலாக் இல்லை என்று குர்ஆன் வசனங்களை வைத்தே தீர்ப்பு எழுதினார். நான் மேலே சொன்ன 2002 தீர்ப்பு அவருடைய வழியில் வந்ததுதான். விவாகரத்துக்குப் பிறகு ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்ட ஷா பானு அம்மாவுக்காக வாதாடியவர் டேனியல் லத்தீஃபி. 1986இல் ஜீவனாம்ச உரிமையைக் குறைப்பது மாதிரி ஒரு சட்டம் வந்தபோது, தன் பெயரிலேயே வழக்குப் போட்டார். 2001இல் அந்த வழக்கில் வந்த தீர்ப்பை வைத்துத்தான் நாங்கள் இன்றைக்கும் பெண்களுக்குப் பணம் வாங்கித் தருகிறோம். மகாராஷ்டிரத்தில் ஹமீத் தல்வாய் 1966இல் ஏழு பெண்களைக் கூட்டிக்கொண்டு பம்பாயில் சட்டமன்றத்துக்கு ஊர்வலம் போனார். ஏழே பேர்தான். தல்வாய் பெயரை மட்டும் உங்கள் கூட்டத்தில் எடுக்காதீர்கள். அவர் மத நம்பிக்கையிலிருந்தே விலகிப் போனவர். அந்தப் பேச்சு ஆரம்பித்தால் உங்கள் தம்பி மனைவி விஷயம் காணாமல் போய்விடும். தானவி போதும்.

'ஷரீஅத்த கோர்ட்டுல நிறுத்தாதே' என்பவர்களுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. பள்ளிவாசலில் ஒழுங்காகப் பேசித் தீர்க்கிற ஊரிலிருந்து எங்களிடம் வழக்கு வருவது குறைவு. முதல் மாதமே முத்திரை வைத்துக் கொடுத்துவிடுகிற ஊரிலிருந்துதான் வரிசையாக வருகிறது.

கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுத வேண்டும் என்று முன்கூட்டியே தயாராகப் போங்கள். வாய்ப்பேச்சு அடுத்த வாரம் மாறிவிடும். இந்த மாதிரி எழுதலாம்: 'இன்னார் தன் மனைவிக்கு இன்ன தேதியில் அனுப்பிய குரல்செய்தியைத் தலாக்காக இந்த ஜமாஅத் பதிவு செய்யவில்லை. அவர்களுடைய நிக்காஹ் தப்தரில் (பதிவேட்டில்) உள்ளபடியே நீடிக்கிறது. இரண்டு தரப்பிலும் தலா ஒரு மத்தியஸ்தர் 15 நாட்களுக்குள் நியமிக்கப்பட வேண்டும். மனைவி தரப்பு மத்தியஸ்தரை மனைவியே சொல்வார். அதுவரை மனைவி, மகள் செலவுக்குக் கணவர் மாதந்தோறும் இவ்வளவு அனுப்ப வேண்டும்.' தம்பி விஷயம் என்பதால் கையெழுத்தைத் தலைவரும் துணைத் தலைவரும் போடட்டும், நீங்கள் போடாதீர்கள். நாளைக்கு யாரும் குறை சொல்ல இடம் இருக்காது.

'மனைவியே சொல்வார்' என்ற இரண்டு வார்த்தையைத்தான் அடிக்கச் சொல்வார்கள். அடிக்க விடாதீர்கள். எத்தனையோ ஜமாஅத் பஞ்சாயத்துகளைப் பார்த்திருக்கிறேன். பெண்ணின் வாப்பா வருவார், மாமா வருவார், மச்சான் வருவார். யாருடைய வாழ்க்கையோ அந்தப் பெண் மட்டும் வீட்டில் இருப்பாள். அவள் சொல்ல வந்ததை நாலு ஆம்பிளைகள் நாலு விதமாகச் சொல்வார்கள். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தே ஆரம்பிக்க வேண்டி வந்தது இதனால்தான். உங்கள் ஊரில் பள்ளிக்குள் பெண்களைக் கூப்பிட முடியாது என்றால், மத்தியஸ்தர்கள் அவள் வீட்டுக்குப் போகட்டும். கூட அவளுடைய ராத்தாவோ பெரியம்மாவோ உட்காரட்டும். முதலில் அவளுக்குச் சேர்ந்து வாழ இஷ்டம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய நீளமான கடிதத்தில் அது இல்லை. தம்பி என்ன சொல்கிறான், உம்மா என்ன சொல்கிறார், தலைவர் என்ன சொல்கிறார் என்று எல்லாம் இருக்கிறது.

இரண்டு பேரும் சேர விரும்பினால் சட்டப்படி புது நிக்காஹ் எதுவும் தேவையில்லை. பழையதுதான் அறுபடவே இல்லையே. இடையில் அவள் வேறொருவரை மணந்து பிரிந்து வர வேண்டும், ஹலாலா என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

சேர முடியாது என்றால் முறையாகப் பிரியட்டும். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் முபாரத். அவள்தான் விலக நினைக்கிறாள் என்றால் குலா. அதற்கு அவள் குடும்ப நீதிமன்றம் போவதுதான் பத்திரம், ஏனென்றால் தனியார் அமைப்புகள் கொடுத்த குலா சான்றிதழ் செல்லாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்தாலும் கணக்கு என்று ஒன்று உண்டு. நிக்காஹில் ஒத்துக்கொண்டு கணவன் இன்னும் கொடுக்காத மஹர், இத்தா (மறுமணத்துக்கு முன் அவள் காத்திருக்கும் காலம்) காலச் செலவு, அதோடு அவள் எதிர்காலத்துக்கு நியாயமான ஒரு தொகை. அந்தத் தொகையை இத்தா முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும், ஆனால் அது இத்தா காலத்துக்கு மட்டும் போதுமானதாக இருந்தால் போதாது என்பதுதான் நான் சொன்ன 2001 தீர்ப்பு. கணவன் கையை விரித்தால், மற்ற எல்லாப் பெண்களையும் போல மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆம் பிரிவு, புதியதில் 144. முஸ்லிம் பெண்ணுக்கும் அது உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது. மகளுக்குத் தனியாகக் கேட்கலாம்.

தம்பியிடம் நீங்கள்தான் பேச வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம், போன் போட்டுப் பேசுங்கள். எடுத்ததும் ஜெயில் என்று மிரட்டாதீர்கள். என்ன கோபம், எப்போதிலிருந்து என்று கேளுங்கள். அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு, ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனிலும் உம்மா ஒன்று, மனைவி ஒன்று என்று கேட்டுக் கேட்டு வெடித்திருக்கலாம். வேறொரு காரணமும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அந்த மெசேஜ் அவன் நினைப்பது மாதிரி அவனை விடுவிக்கவில்லை, மாட்டித்தான் விட்டிருக்கிறது என்று கடைசியில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதை டெலீட் பண்ணச் சொல்லி அவளிடம் ஆள் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மெசேஜை அழிக்கச் சொல்லும் வேலையை நீங்களும் செய்யக் கூடாது.

இந்த விஷயம் முடிந்த பிறகு, செயலாளராக இருக்கும் வரைக்கும் உங்கள் தப்தரில் செய்யக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. நிக்காஹ் எழுதும்போதே, ஒரே தடவையில் முத்தலாக் சொல்ல மாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் ஒரு வரி எழுதி வாங்கலாம். காஜிகள் மாப்பிள்ளைக்கு இப்படி அறிவுரை சொல்லவும் நிபந்தனை எழுதவும் சொல்வோம் என்று முஸ்லிம் தனிச்சட்ட வாரியமே 2017இல் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது. அதனால் உங்கள் தலைவர் எதிர்ப்பது கஷ்டம். தலாக்கே தஃப்வீழ் என்று ஒன்று இருக்கிறது, இன்ன நிலைமையில் தலாக் சொல்லும் உரிமையைக் கணவனே மனைவிக்குக் கொடுத்து வைப்பது. பாகிஸ்தானில் நிக்காஹ் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் உண்டு. நம் ஊரில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் ஆபீஸில் பதிவு செய்வதை மாப்பிள்ளை வீட்டார் விருப்பத்துக்கு விடாமல், தப்தர் நகல் கொடுக்கும் அன்றைக்கே ஞாபகப்படுத்துங்கள்.

இதெல்லாம் வெள்ளிக்கிழமைக்கும் அதற்குப் பிறகும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்களே, அந்த 6 சவரன்.

அவள் சந்தோஷமாகத்தான் கொடுத்தாள் என்று நீங்கள் சொல்லலாம். கல்யாணமாகி வந்த வீட்டில் கணவனின் அண்ணன் கடைக்காகக் கேட்கும்போது எந்தப் பெண் இல்லை என்று சொல்வாள்? மனைவியின் சொத்து மனைவிக்குத்தான் என்பதில் மார்க்கத்திலும் சந்தேகம் இல்லை, சட்டத்திலும் இல்லை. பிரிந்தால், அவளுக்கு அவள் வீட்டாரும் உறவினரும் போட்ட அத்தனையும் திரும்ப வர வேண்டும் என்று 1986 சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. தம்பியின் 10 சவரனை அவன் பார்த்துக்கொள்ளட்டும், தீர்மானத்தில் அதையும் ஒரு வரி சேருங்கள். உங்கள் 6 சவரனை அதே கூட்டத்தில் யாராவது எடுத்தால், நீங்கள் தானவியைச் சொன்னாலும் எடுபடாது. அதனால் வியாழக்கிழமைக்குள் மீட்டுவிடுங்கள். வட்டி உங்களுடையது. சரக்குக்கு வைத்த பணத்தில் கை வைக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. உருப்படி ஒவ்வொன்றையும் எடையோடு ஒரு தாளில் எழுதி, உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் அவள் கையில் கொடுங்கள். அவள் வாப்பா கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகல் ஒன்று அவளிடமும் இருக்கட்டும்.

அடகுச் சீட்டு உங்கள் பெயரிலா, தம்பி பெயரிலா என்று எழுதவில்லை. தம்பி பெயரில் இருந்தால் அவன் கையெழுத்து இல்லாமல் நகையைத் தர மாட்டார்கள். இப்போதே போய்ச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.